ஐந்தாவது துணுக்கு

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கத்தியக்கா வரிசையில் பதினொன்றாவதாக இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நாலாவதாக வைத்துக்கொண்டாள். கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம். பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் ஒருவரைத் தள்ளிவிட்டு முன்னால் போகாத மனுஷர் நம்மில் யார் இருக்கிறார்கள்? ஆனால் அவள் வேலை பார்த்த அறையில் வரிசைக்கு வேறு அர்த்தம். அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்தவை ஆட்களின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்குகள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கக் கட்டிடத்தில், இரண்டாம் மாடியில் அந்தப் பரிசோதனைக்கூடம். நோயாளி யாரும் அந்தப் படி ஏறி வருவதில்லை. அவர்களுடைய சதை மட்டும் சின்னச் சின்ன மருந்துக் குப்பிகளில் மிதந்தபடி வந்து சேரும். மேலதிகாரியான டாக்டரம்மா, ஒவ்வொரு குப்பியிலும் எத்தனை துணுக்கு என்று எண்ணிச் சொல்ல, பதிவேட்டுக்காரர் எழுதிக்கொள்வார். பிறகு துணுக்குகள் எண் போட்ட டப்பாக்களில் ஒரு ராத்திரி முழுக்க மருந்தில் ஊறும். காலையில் கத்தியக்கா அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அச்சில் வைத்து, உருக்கிய மெழுகை ஊற்றிக் கட்டியாக்குவாள். பிறகு அந்தக் கட்டியை இயந்திரக் கத்தியில் கொடுத்து, தலைமயிரைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஏற்றிச் சாயம் போடுவாள். இருபத்தொரு வருஷமாக அந்த மெழுகுக்கும் கத்திக்கும் நடுவில்தான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள். பெயர் அப்படித்தான் வந்தது. அவளுடைய வாயையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தோம் என்று பதிவேட்டுக்காரர் சொல்வதும் உண்டு.

அந்தக் கூடத்தில் இரண்டு சட்டங்களை யாரும் மீறுவதில்லை. ஒரு டப்பாவிலிருந்து அடுத்த டப்பாவுக்குப் போகும் முன் இடுக்கியின் நுனியைச் சூட்டில் காட்டித் துடைத்துவிட வேண்டும். முந்தினதன் சதை அதில் ஒட்டிக்கொண்டு அடுத்ததில் போய் விழுந்துவிடக் கூடாது. இது முதலாவது. சொந்தக்காரர் யாருடைய சாம்பிளாவது வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிட்டு, வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இது இரண்டாவது.

பதினொன்றாவது டப்பா அவளுடைய தம்பியுடையது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினாலு வருஷமாகப் பெருங்குடலில் புண். மருந்து எடுத்தால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு வேலையைக் காட்டும். ஊரில் எந்தக் கட்டிடத்தில் எந்த மாடியில் கழிப்பறை இருக்கிறது, அதில் எது பூட்டியிருக்கும், எதற்குச் சாவி யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. லிஃப்ட் கூண்டின் தலைமேல் குந்தி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது வயிறு கலக்கினால், பாதி மாடியில் நிற்கும் கூண்டைவிட்டு இறங்குவதற்குள் உயிர் போய்விடும் என்பான். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வான். ரொம்ப வருஷம் ஆறாத குடல்புண் ஒரு நாள் புற்றாக மாறலாம் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை கேமரா விட்டுப் பார்த்துவந்தார்கள். இந்த வருஷம் ஓரிடத்தைப் பார்த்ததும் குடல் டாக்டரின் முகம் சரியில்லை என்று தம்பி பெண்டாட்டி போனில் சொல்லியிருந்தாள். துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம்.

வேறு யாராவது அதை மெழுகில் வைத்தால் சாய்த்து வைப்பார்கள், கோணலாக வைப்பார்கள், பார்க்க வேண்டிய பக்கம் அடியில் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. சக ஊழியர்கள்மேல் அவளுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். அதோடு, காலையிலேயே முடித்துவிட்டால் ஒரு நாள் முன்னதாக முடிவு தெரியும். மூன்றாவது டப்பாவை முடித்த கையோடு தம்பியின் டப்பாவைத் திறந்தாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய துணுக்குகள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து, மெழுகை ஊற்றி, பெருமூச்சு விட்டாள்.

புதன்கிழமை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பைவிட்டு நிமிராமலே அவளைக் கூப்பிட்டார். அந்தக் கட்டியில் நாலு துணுக்கு வெறும் அழற்சிதான், ஒரு துணுக்குதான் மனசை உறுத்துகிறது என்றார். வருஷக்கணக்காகப் புண்ணாகிக் கிடக்கும் குடலில் செல்களெல்லாம் தாறுமாறாகத்தான் தெரியும். புண்ணால் அப்படித் தெரிகிறதா, உண்மையிலேயே குணம் மாறிவிட்டதா என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. அதனால் பி-53 போடு என்று சொல்லிவிட்டு அடுத்த சில்லை எடுத்துக்கொண்டார்.

பி-53 என்பது ஒரு புரதம். செல் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஒழுங்காக இருக்கும்வரை அது இருக்கிற இடமே தெரியாது. கெட்டுப்போனால் செல்லின் நடுவே குவிந்துகொண்டு கிடக்கும். அதை மட்டும் தேடிப்போய் ஒட்டுகிற மருந்து ஒன்று உண்டு. ஒட்டிய இடமெல்லாம் கரும்பழுப்பாகத் தெரியும். இந்தச் சாயத்தை ஆயிரக்கணக்கான முறை போட்டவள் அவள். பழுப்பு வந்தால், சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சில்லை அவளே முதலில் பார்த்தாள். நாலு துணுக்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிறின புள்ளிகள். ஐந்தாவது துணுக்கு முழுக்கக் கருத்துப்போயிருந்தது. அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள். எதிரே வந்த பதிவேட்டுக்காரர் உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, உங்கள் கையெழுத்தைப் படித்துப் படித்துத் தலைவலி என்றாள்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போயிற்று. சாயங்காலத்துக்குள் குடல் டாக்டர் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். புற்றுக்கு முந்தைய கட்டம், அதிலும் முற்றிய கட்டம். பெருங்குடலை மொத்தமாக எடுத்துவிடுவதுதான் நல்லது. வயிற்றில் ஒரு துளை போட்டு, மலம் வந்து சேர வெளியே பை வைப்பார்கள். அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

சனிக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே போனபோது, அவன் சமையலறை மேடையில் மின்விசிறியின் மோட்டாரைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். அதற்கு முன் குளியலறைக் குழாயைக் கழற்றியிருக்கிறான். அதற்கும் முன் கதவின் தாழ்ப்பாளை. எதையும் திருப்பிப் பூட்டவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் திருப்புளியோடு வீட்டைச் சுற்றிவருகிறார், சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார் என்று தம்பி பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவள் கையில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களின் பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலை அவன் இரண்டு முறை கிழித்துப் போட்டிருக்கிறான். அவளும் சளைக்காமல் மூன்றாவது முறை எழுதியிருக்கிறாள்.

"பையை இடுப்புல கட்டிக்கிட்டு கூண்டு மேல எப்படிக்கா குந்தி உக்கார்றது?" என்றான் தம்பி, தலை நிமிராமல். "என்னை இனிமே ஆபீஸ்ல உக்கார வச்சு போன் எடுக்கச் சொல்லுவாங்க. லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா, பயப்படாதீங்க ஆள் வர்றாங்கன்னு சொல்லணும். நானா சொல்றது?"

அவள் ஏதோ சமாதானம் சொன்னாள். எத்தனையோ பேர் பையோடு எல்லா வேலையும் செய்கிறார்கள் என்றாள். அது உண்மையும்கூட. ஆனால் உண்மையைச் சொல்லும்போதே அது வாயில் சப்பென்று இருந்தது. அப்போது அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"உன் எடத்துலதானே பாத்தாங்க. நீ பாத்தியா?"

தான் மெழுகுக்கட்டி வெட்டுகிறவள்தான், பார்ப்பதெல்லாம் டாக்டரம்மா என்று அவள் மழுப்பினாள். திருகாணி ஒன்று உருண்டு மேடைக்கு அடியில் போக, அதைத் தேடிக் குனிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. மூன்றாவது டப்பாவை முடித்துவிட்டுத் தம்பியின் டப்பாவைத் திறந்தேனே, நடுவில் இடுக்கியைத் துடைத்தேனா?

துடைத்திருப்பாள். இருபத்தொரு வருஷமாகத் துடைக்கிற கை. ஆனால் அதுதான் வம்பு. பழகின கை செய்வதை மனசு குறித்து வைத்துக்கொள்வதில்லை. வாசல் கதவைப் பூட்டிவிட்டு, தெருமுனைக்குப் போனதும் பூட்டினேனா என்று திரும்பி ஓடிவருகிறோமே, அதே கதைதான். திங்கள்கிழமை துடைத்தது ஞாபகம் வந்தது, புதன்கிழமை துடைத்தது ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை, அந்த மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் வெள்ளையாக இருந்தது. கணவன் வந்து, ஒரே சட்டையை எத்தனை தடவை மடிப்பாய் என்று கேட்டான். அவள் அந்தச் சட்டையை அவன்மேல் வீசிவிட்டு மாடிக்குப் போனாள்.

அவளுக்கு அவள்மேலேயே நம்பிக்கையில்லை. தம்பிக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்கிற ஆசைதான் இப்படி ஒரு கதையைக் கட்டுகிறதோ என்று பயந்தாள். ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் யாராவது ஒருத்தர், சாம்பிள் மாறியிருக்கும் என்று சொல்வது வழக்கம். அவர்களை நினைத்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். இப்போது அந்த இடத்தில் அவளே நின்றாள்.

திங்கள்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கூடத்துக்குப் போனாள். பதிவேட்டைப் பிரித்தாள். தம்பியின் எண்ணுக்கு எதிரே, 'துணுக்குகள்: 4'. கட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஐந்து.

உடனே துள்ளிக் குதிக்கவில்லை. குடல் துணுக்கு மெழுகுக்கு வரும் வழியில் உடைவது சகஜம். நாலு ஐந்தாவதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டாக்டரம்மாவும் அப்படித்தான் விட்டிருப்பார். உடைந்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் எந்தத் துணுக்கும் தானாகக் காணாமல் போகாது. கூடை கூடையாகக் கட்டிகள் இருந்த இழுப்பறையிலிருந்து, அன்றைக்கு மூன்றாவதாக வைத்த கட்டியைத் தேடி எடுத்தாள். பதிவேட்டில் ஆறு. கட்டியில் ஐந்து.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வயிறு குளிரும்படியான, வெட்கங்கெட்ட சந்தோஷம். தம்பி தப்பித்தான். பையும் இல்லை, கத்தியும் இல்லை. கட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கட்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். அந்த எண்ணுக்கு ஒரு படிவம் இருந்தது. முப்பத்தெட்டு வயதுப் பெண். நீச்சல் பயிற்சியாளர். தம்பிக்கு இருக்கிற அதே நோய், பதினோரு வருஷம். வியாழக்கிழமையே அறிக்கை போய்விட்டது: அழற்சி மட்டும், கவலைப்பட ஒன்றுமில்லை, இரண்டு வருஷம் கழித்து வந்தால் போதும்.

பேசாமல் இருந்துவிட வழியே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தம்பியைக் காப்பாற்ற வேண்டுமானால் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் அந்தப் பெண்ணின் தலையில் இறங்கும். அவள் ஒன்றும் தர்மதேவதை இல்லை. தம்பியின் கட்டியில் ஒன்று காணாமல்போய், அவனுடைய கறுத்த துணுக்கு அந்தப் பெண்ணின் சில்லில் கிடந்து, எல்லாம் தலைகீழாக இருந்திருந்தால், அவ்வளவு காலையில் எழுந்து வந்து பதிவேட்டைப் பிரித்திருப்பாளா? நாற்காலியில் உட்கார முடியாமல் டாக்டரம்மா வரும்வரை அறையை அளந்துகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "உன் தம்பின்னு ஏன் சொல்லல?" என்றார்.

"நான் வச்சா நல்லா வைப்பேன்னு நெனச்சேன் மேடம்."

"வச்ச லட்சணம் தெரியுதே" என்றார் டாக்டரம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

எண்ணிக்கை மட்டும் போதாது, சந்தேகத்தை வைத்து ஒரு ஆளைவிட்டு இன்னொரு ஆளுக்கு வியாதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா யோசித்தார். பிறகு தம்பியின் ரத்த வகை என்ன என்று கேட்டார். ஓ என்றாள். ரத்தப்போக்கு அதிகமாகி அவனுக்கு ரத்தம் ஏற்றிய காலங்களில் அவளே போய்க் கொடுத்ததுண்டு. அந்தப் பெண்ணின் படிவத்தில் ஏ என்று இருந்தது. டாக்டரம்மாவின் முகத்தில் முதன்முதலாக ஒரு தெளிவு வந்தது. ரத்த வகையின் அடையாளம் ரத்தத்தில் மட்டும் இல்லை, ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கும். பழைய காலத்து முறை, இப்போது யாரும் செய்வதில்லை. கீழே ரத்த வங்கியிலிருந்து ஏ வகையைக் கண்டுபிடிக்கிற மருந்தை வாங்கி, அதையே சாயமாகப் போட்டுப் பார்ப்போம் என்றார். ஓ வகை ஆளின் துணுக்கில் குழாய்கள் வெறுமையாக இருக்கும். ஏ வகையாக இருந்தால் பழுப்பாகும்.

கட்டியை வெட்ட அவள் கையை நீட்டினாள். டாக்டரம்மா அந்தக் கட்டியை எடுத்துப் பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்தார். கத்தியக்கா தன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது நியாயம்தான் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் கண் கலங்கியது.

சாயம் ஊறிப் பிடிக்க ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளில் அவள் தண்ணீர்க்குடுவைகளைக் கழுவினாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள், மருந்துக் குப்பிகளை அகரவரிசையில் அடுக்கினாள், பிறகு தேதிவாரியாக மாற்றி அடுக்கினாள். பதிவேட்டுக்காரர் வழக்கம்போல் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்த வாயை மூடிக்கொண்டார். தம்பி பெண்டாட்டி இரண்டு தடவை போன் செய்தாள். இரண்டு தடவையும் அவள் எடுக்கவில்லை. முடிவு தெரியாமல் ஆசை காட்டுவது பாவம் என்று பட்டது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மா அவளை மைக்ராஸ்கோப்பில் உட்காரச் சொன்னார். நாலு துணுக்கில் ரத்தக்குழாய்கள் வெறும் கோடுகளாக இருந்தன. ஐந்தாவதில் ஒவ்வொரு குழாயையும் சுற்றிப் பழுப்பு வளையம். பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் கட்டியிலிருந்து வெட்டின சில்லையும் வைத்துப் பார்த்தார்கள். அதில் எல்லாக் குழாயிலும் அதே வளையம். ஒரு பருக்கை அளவுகூட இல்லாத சதை, தான் யாருடையது என்று சொல்லிவிட்டது.

டாக்டரம்மா தானே குடல் டாக்டருக்குப் போன் செய்தார். தம்பிக்கு வருஷா வருஷம் கேமரா தொடர வேண்டும், அதில் மாற்றமில்லை, ஆனால் ஆபரேஷன் வேண்டாம். தம்பிக்குச் செய்தியைச் சொல்லும் உரிமையை அவளுக்கே விட்டார். அவள் மாடிப்படியில் நின்று போன் போட்டாள். அவன் ஏதோ கட்டிடத்தில் இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிறகு சிரித்தான். பிறகு அழுதான். பிறகு, வீட்டில் கழற்றிப் போட்டதையெல்லாம் யார் பூட்டுவது என்று கேட்டான். அவளும் சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். இடுக்கியைத் துடைக்க மறந்தது தான்தான் என்பதையும் சொன்னாள். நாலு நாள் அவனை வறுத்தெடுத்ததற்கு அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டவில்லை.

"அப்ப அது யாரோடதுக்கா?" என்று கேட்டான்.

ஒரு நீச்சல் டீச்சருடையது என்றாள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். தம்பிக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஓடி நின்றது. சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

புதன்கிழமை டாக்டரம்மா அவளை வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் தன்னோடு வரச் சொன்னார். குடல் டாக்டரின் அறை முன்பக்கக் கட்டிடத்தில் இருந்தது. இருபத்தொரு வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் நோயாளியைப் பார்க்கப் போனதேயில்லை. தப்பு நடந்தது நம்முடைய கூடத்தில், அதை நாமே போய்ச் சொல்ல வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்சி. நீ பேச வேண்டாம், உட்கார்ந்திரு, அது போதும் என்றும் சொல்லியிருந்தார்.

அந்தப் பெண் தனியாகத்தான் வந்திருந்தாள். உயரமாக, தோள் அகலமாக, தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. காலை வகுப்பை முடித்துவிட்டு நேரே வருவதாகச் சொன்னாள். வரச்சொன்னது ஏதோ கையெழுத்துக்காக என்று நினைத்து, ஒன்றுமில்லை என்று எழுதியிருந்த அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். இரண்டு வருஷம் விடுதலை என்று வீட்டில் எல்லோருக்கும் விருந்து வைத்தாயிற்று, இனி அதைத் திருப்பி வாங்க முடியாது என்று குடல் டாக்டரிடம் வேடிக்கையாகச் சொன்னாள். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் மெதுவாக நின்றது.

குடல் டாக்டர் விஷயத்தைச் சொன்னார், குடலை எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து. டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். துணுக்கு, டப்பா, இடுக்கி, எண்ணிக்கை, ரத்த வகை. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அறிக்கையை நாலாக மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"யார் கையால நடந்துச்சு?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா, எங்கள் கூடத்தில் நடந்தது, பொறுப்பு என்னுடையது என்று ஆரம்பித்தார். கத்தியக்கா பேசக்கூடாது என்று சொன்னதை மறந்தாள்.

"நான்தாங்க. இடுக்கியைத் துடைக்கல. அடுத்த டப்பா என் தம்பியோடது. அவசரப்பட்டுட்டேன்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். திட்டப்போகிறாள், எழுந்து அடிக்கப்போகிறாள் என்றுகூடக் கத்தியக்கா நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தாள்.

"அப்ப இத்தனை நாளா இது உங்க தம்பிகிட்ட இருந்துச்சா?"

"ஆமாங்க. வெள்ளிக்கிழமைலேர்ந்து நேத்து வரைக்கும்."

"அவர் எப்படித் தாங்குனாரு?"

அறையில் இருந்த இரண்டு டாக்டர்களும் மேஜையைப் பார்த்தார்கள். நன்றாகத்தான் தாங்கினான் என்று சொல்லத்தான் கத்தியக்காவின் வாய் போயிற்று. எல்லோரும் சொல்வது அதுதான். ஆனால் இவளுக்கு ஏற்கெனவே ஒரு பொய்த் தாளைக் கொடுத்தாயிற்று.

"தாங்கலைங்க" என்றாள். "தூங்கல. சாப்பிடல. கூப்பிட்டவங்க மேலல்லாம் எரிஞ்சு விழுந்தான். வீட்ல இருக்கிற குழாய், ஃபேன், தாழ்ப்பாள் எல்லாத்தையும் கழட்டிப் போட்டான். ஆனா நாளைக்கு ஆபரேஷனுக்குக் குடுத்த தேதிய மட்டும் தள்ளிப்போடல."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். ஈரமுடியிலிருந்து ஒரு சொட்டு கழுத்தில் இறங்கியது, துடைத்துக்கொண்டாள். மடித்த தாளை மேஜைமேல் வைத்து, குடல் டாக்டரின் பக்கமாகத் தள்ளினாள்.

"அந்தத் தேதி இன்னும் காலியா இருக்கா?" என்று கேட்டாள்.